ஆபீசர் ஏறினால் வரும் வாசனை

“ஆப்பு! ஆப்பய்யா வண்டிய! நிறுத்து!”

சர்வே ஆபீசர் ஆதிநாராயணன் போட்ட கூச்சலில், புத்தலப்பட்டு தாண்டி ரோட்டோரக் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்கள். கோவர்த்தனன் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரங்கட்டுவதற்குள் அந்த மனுஷர் கதவைத் திறந்துகொண்டு ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நூற்றுப் பத்து கிலோவுக்குக் குறையாத உடம்பு. அது குதித்து இறங்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். குதித்தார். இறங்கி நின்று இரண்டு கையாலும் பின்பக்கம் பேண்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“எரியிற வாசன வருதுய்யா! இதோட மூணாவது வாட்டி! ஒனக்கு வரல?”

“வருது சார்” என்றான் கோவர்த்தனன்.

அவனுக்கு வரவில்லை. அன்றைக்கு மட்டும் என்றில்லை. ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் ஃபுளு ஜுரம் என்று ஒன்று வந்து வீட்டுக்கு வீடு படுக்கப் போட்டதே, அது அவனையும் பன்னிரண்டு நாள் போட்டது. எழுந்து உட்கார்ந்தபோது மூக்கு போயிருந்தது. முகத்தில் அதுபாட்டுக்கு இருக்கிறது, மூச்சு விடுகிறது, சளி பிடிக்கிறது. ஆனால் மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் அதற்கு ஒன்றுதான். இப்போது அறுபது பிறந்து தை மாசமும் பாதி போயாயிற்று. இத்தனை நாளில் ஒரு ஜீவனிடமும் அவன் இதைச் சொன்னதில்லை.

“என்ன வாசன சொல்லு பாப்போம். கிளச்சா, பிரேக்கா?”

“எல்லாம் கலந்து வருது சார்.”

பானட்டைத் திறந்தான். இஞ்சினைச் சுற்றி வந்தான். குனிந்து, முகர்கிற மாதிரி இரண்டு தடவை மூக்கை இழுத்து, தலையை ஆட்டிக்கொண்டான். பார்ப்பவர்களுக்கு அசல் டிரைவர். அதற்குள் வாசனை போய்விட்டது என்று ஆபீசரே சொன்னார். பின் சீட்டில் ஏறிக்கொண்டார். இரண்டு மைல் போவதற்குள் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று மறுபடியும் முன் சீட்டுக்கே வந்தார். அவருக்குப் பின் சீட்டு என்றைக்குமே ஒத்துக்கொள்ளாது. சித்தூர் வந்து சேரும் வரைக்கும் கதவுப் பிடியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார், பாவம்.

வண்டி சித்தூர் வெல்ல மண்டிக்காரர் வேதாச்சலத்தினுடையது. உலக யுத்தத்துக்கு முந்தின அமெரிக்கக் கார். சித்திரை பிறப்பதற்குள் எந்த ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று முடிவாகிவிடும். அதற்கு முன்னால் நகரி, புத்தூர் பக்கமெல்லாம் எல்லைக்கல் பார்த்து வரவேண்டும் என்று ஆதிநாராயணனுக்கு உத்தரவு. ஆபீஸ் ஜீப் படுத்துவிட்டதால் பொங்கல் கழித்து மண்டிக்காரர் காரை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். கோவர்த்தனனின் மாமியார் ஊர் அந்தப் பக்கம் போகிறது, அவன் அண்ணன் கொல்லை இந்தப் பக்கம் நிற்கிறது. அந்தக் கவலை எல்லாம் அவனுக்கு இரண்டாம் பட்சம். மண்டிக் கணக்குப்பிள்ளைக்குக்கூட இல்லாத மரியாதை, ஆபீசர் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்குக் கிடைத்திருந்தது. அதுதான் இப்போது போகப்போகிறது.

ஆபீசர் வண்டியை விட்டு இறங்கிய கையோடு மண்டிக்குள்ளேயே போய்ச் சொல்லிவிட்டுப் போனார். வேதாச்சலம் தராசு பக்கத்தில் நின்றபடியே கூப்பிட்டார்.

“ஏன்டா, வண்டில தீ வாசன வருதாமே. இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“பாத்துக்கினுதான் இருக்கறேன் மொதலாளி. பிடிபட மாட்டேன்னுது.”

“மூணு நாளா பிடிபடலியா? மூக்குல இன்னா பஞ்சா அடச்சிக்கினு கீற?”

தெரிந்துபோயிற்றா என்று கோவர்த்தனன் அவர் முகத்தைப் பார்த்தான். முதலாளி சும்மா திட்டினதுதான். அவர் மேலே பேசிக்கொண்டே போனார்.

“இந்தா பாரு, திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு ஆபீசர் நகரிக்குப் பொறப்படறாரு. அதுக்குள்ள செரி பண்ணு. அன்னிக்கும் வாசன வந்துச்சின்னா சாவிய நாராயணசாமிகிட்ட குடுத்துடு. அவன் பஸ்ஸு ஓட்டனவன், வேல இல்லாம சுத்திக்கினு கீறான். நீ மூட்ட தூக்கறியா, ஊருக்குப் போய் ஏர் ஓட்டறியா, ஒன் இஷ்டம்.”

கண் மங்கிப்போன பழைய டிரைவரை இதே முதலாளி ஒரே சாயங்காலத்தில் கணக்கு முடித்து அனுப்பியதை கோவர்த்தனன் கூடவே நின்று பார்த்தவன். அதனால்தான் முதலில் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி அம்சவேணியிடமாவது சொல்லியிருக்கலாம். முதல் மாசம், சரியாகிவிடும் என்று இருந்தான். இரண்டாம் மாசம் வெட்கமாக இருந்தது. அப்புறம் சொல்வதற்கு நாள் தாண்டிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தே, “கொழம்பு வாசன தூக்குதுடி” என்று ஒன்று எடுத்து விடுவான். அவளும் சிரித்துக்கொள்வாள். பொய்யும் தினப்படிக் காரியமாகிவிட்டால் சோறு மாதிரி உள்ளே போய்விடுகிறது, என்ன செய்வது.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் வண்டியை மெக்கானிக் அசரியாவின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல், முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அசரியா மிஷன் ஆஸ்பத்திரி வண்டிகளைப் பார்த்துப் பழகினவர். ஐம்பது வயசு. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நல்ல கை.

“இன்னிக்கே முடிக்கணும்ண்ணா.”

“முடிக்கலன்னா? நாளைக்கி ஞாயித்துக்கெழம. கோயிலு. ஸ்பேனரத் தொட மாட்டேன், தெரியுமில்ல?”

“தெரியும். அதான் விடிஞ்சதும் வந்தேன்.”

“சரி, சொல்லு. எரியிற வாசனன்னா எது? பிரேக் கட்ட தேஞ்சா ஒரு வாசன, கிளச்சு எரிஞ்சா ஒரு வாசன. டைனமோல சுருள் வெந்தா மீன் வறுக்கற மாதிரி அடிக்கும். ஆயிலு ஒழுகி சைலன்சர்ல பட்டா கண்ணு கரிக்கும். இதுல எது?”

“அது… ரப்பரு மாதிரி.”

வாயில் முதலில் வந்ததைச் சொன்னான். ஆண்டவன் மேல் ஆணையாக, வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

“ரப்பரா? ஆபீசரும் ரப்பர்னாரா?”

“அவுரு… எரியிற வாசனன்னாரு.”

“அவுரு கெடக்கறாரு. டிரைவர் மூக்குதான்டா எனக்கு மீட்டரு. நீ ரப்பர்ன்னா ரப்பர்தான்.”

அந்த மனுஷர் நம்பி வேலையில் இறங்கினார். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நல்ல பெல்ட். தண்ணீர் போகிற ரப்பர் குழாய்களைக் கழற்றினார். வெடிப்பு இல்லை. மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போய், சைலன்சரில் எங்கேயாவது டயர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை. நான்கு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைத் திறந்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. வெயில் ஏறிற்று. அசரியாவின் சட்டை முதுகு நனைந்து, மண் ஒட்டி, காய்ந்து, மறுபடியும் நனைந்தது. கோவர்த்தனன் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி சாக்கில் பரப்பி வைத்தான். அந்த நல்ல மனுஷரை ஒரு பொய்யை வைத்து இந்தப் பாடு படுத்துகிறோமே என்று நெஞ்சு அறுத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தான். வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நாக்கு வறண்டுபோயிற்று. பெஞ்சு மேல் அலுமினியக் குவளை இருந்தது. எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். இரண்டு மடக்கு இறங்கின பிறகுதான் தொண்டை தீயாக எரிந்தது.

குவளையைப் போட்டுவிட்டு, மண்ணில் முட்டி போட்டு, இருமிக் கக்கினான். அசரியா வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தார். மண்ணில் கவிழ்ந்து கிடந்த குவளையைப் பார்த்தார்.

“ஐயோ ஏசப்பா! மண்ணெண்ணடா அது!”

ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வாயைக் கொப்பளிக்க வைத்தார். கொப்பளித்து முடிந்தது. கோவர்த்தனன் கண்ணில் தண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தான். அசரியா அவன் எதிரே குந்திக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“கோவர்த்தனா, மண்ணெண்ணய மொகத்துக்கிட்ட கொண்டு போனாலே தெரியுமேடா. கொழந்தகூட மூஞ்சத் திருப்பிக்குமே.”

அவன் குவளையை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

“ஒனக்கு வாசன தெரியாதா?”

“தெரியாதுண்ணா.”

“எத்தினி நாளா?”

“ஃபுளு ஜுரம் வந்துச்சே, அப்போலருந்து.”

அசரியாவுக்குக் கொஞ்ச நேரம் வாய் அடைத்துப்போயிற்று. அவருக்கு வாய் அடைப்பது சாதாரணக் காரியம் இல்லை. அப்புறம் கையிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் தூர வீசினார்.

“மூணு வருசமா? இந்த மூக்க வெச்சிக்கினு பெட்ரோல் வண்டி ஓட்டிக்கினு இருந்தியா? ஜனங்கள ஏத்திக்கினு? திருப்பதிக்கும் சித்தூருக்கும்? பெட்ரோல் ஒழுகனா எப்பிடிடா தெரியும் ஒனக்கு? என் பொண்ணு கல்யாணத்துக்கு நீதானடா ஓட்டிக்கினு போன! பொண்ணு மாப்பிள்ள பின்னால ஒக்காந்துக்கினு இருந்தாங்களேடா!”

“தப்புதாண்ணா.”

“தப்பா? இத தப்புன்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டா ஆச்சா? காலைலருந்து ரப்பரு ரப்பருன்னு என்ன மண்ணுல பொரள உட்டியேடா, பாவி!”

கோவர்த்தனன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஷெட்டுக்கு வெளியே ஒரு கரும்பு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் தேய்ந்ததும் அசரியா எழுந்து போய் வீசின ஸ்பேனரை எடுத்துவந்து துடைத்தார்.

“சரி, எழுந்திரு. வாசனய உடு. மத்தது நாலும் நல்லாத்தான கீது? கண்ணு கீது, காது கீது. இந்த மூணு தடவையும் வேற இன்னா ஆச்சி? யோசிச்சி சொல்லு. பொய் சொன்ன, பெல்ட்டாலயே அடிப்பேன்.”

கோவர்த்தனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். இப்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, முகர்ந்த மாதிரி நடிக்கிற வேலை இல்லாமல் யோசித்தான்.

“மூணு வாட்டியும் ஆபீசர் முன்னால ஒக்காந்துக்கினு இருந்தாருண்ணா. அவுரு இல்லாம வண்டிய எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. முந்தாநேத்து சாயங்காலம் மண்டி ஆளுங்க நாலு பேரு வந்தாங்க. அவுங்களும் ஒண்ணும் சொல்லல.”

“ம். அப்புறம்?”

“பள்ளத்துல எறங்கி ஏறனப்போ எல்லாம் ஆரன் அடிச்சேன். ஆரன் கம்மிப்போச்சி. தொண்ட கட்டன மாதிரி. அப்புறம் செரியாச்சி. காலைல பாத்தா பேட்டரி செத்துப்போயி கீது. தெனம் ஹாண்டில்தான் போடறேன்.”

“இத ஏன்டா மொதல்லயே சொல்லல?”

“நீ வாசன இன்னான்னுதானண்ணா கேட்ட.”

அசரியா அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே சிரித்தும்விட்டார். “பேட்டரி எங்க கீது ஒன் வண்டில?”

“முன் சீட்டுக்கு அடில. இடது பக்கம்.”

“ஆபீசர் எங்க ஒக்கார்றாரு?”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கழற்றினதை எல்லாம் திரும்பப் பூட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. பக்கத்துக் கடையில் சொல்லி இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தூக்கி வந்து முன் சீட்டில் ஆபீசர் உட்காருகிற இடத்தில் வைத்தார்கள். சீட்டு ஸ்ப்ரிங் கிறீச்சென்று அமுங்கிற்று. அசரியா பின் சீட்டில் ஏறி, முன் சீட்டின் முதுகு மேல் கவிழ்ந்து மூக்கை நீட்டிக்கொண்டார்.

“எடு வண்டிய. ரயில்வே கேட்டுக்கு உடு. தண்டவாளத்துல நல்லா குலுக்கு.”

குலுக்கினான். மூட்டை எழும்பி விழுந்தது. ஹாரனை அழுத்தினான். அது முனகிற்று. அந்த நேரம் பார்த்து அசரியா கத்தினார்.

“வருதுடா! வருது! சாக்கு கருகற வாசன… துணி… இரு, இரு. இன்னும் ஒண்ணு கீது.” மூக்கை இழுத்தார். “மஞ்சள்! சளி புடிச்சா மஞ்சக் கொம்ப சுட்டு மூக்குல காட்டுவாங்களே, அந்த வாசன. வண்டிக்குள்ள மஞ்சள் எப்பிடிடா வந்துச்சி? நிறுத்து, நிறுத்து!”

கோவர்த்தனன் வண்டியை நிறுத்தினான். மூட்டைகளை இழுத்துக் கீழே போட்டு சீட்டைத் தூக்கினார்கள். புகை லேசாக எழுந்து கலைந்தது. பேட்டரி பெட்டிக்கு இருந்த பலகை மூடி எப்போதோ உடைந்துபோய், மடித்த கோணிச்சாக்கு ஒன்றைத்தான் மேலே போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சாக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டையின் ஓரமெல்லாம் கறுத்து, ஒரு இடத்தில் சிவப்பாகக் கனன்று கொண்டிருந்தது. சீட்டு ஸ்ப்ரிங் ஒன்று சூட்டில் நீலம் பாய்ந்து நின்றது.

அசரியா கனலை அமுக்கி அணைத்துவிட்டு, குச்சியால் சாக்கை விலக்கினார். பேட்டரியின் ஈயக் குமிழ் மேல், ஆசிட்டில் அரித்தும் கருகியும் போன ஒரு சின்னத் துணி முடிச்சு உட்கார்ந்திருந்தது. கருகாத ஓரம் மஞ்சளாக இருந்தது. கிழிந்த வாய் வழியாக ஒரு பழைய ரூபாய்க் காசும் ஒரு கால் ரூபாய்க் காசும் எட்டிப் பார்த்தன.

“ஒன்னேகால் ரூவா” என்றார் அசரியா மெதுவாக. “இது ஒங்க ஆளுங்க சமாச்சாரமாச்சே. பெருமாளுக்கு நேந்து முடியற முடிப்பு. நான் தொடலாமா?”

கோவர்த்தனன் வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அது என்ன துணி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அம்சவேணியின் பழைய சுங்கடிப் புடவைக் கரை.

அசரியா இடுக்கியால் முடிப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். “ஆபீசர் ஏறி ஒக்கார்றாரு. ஸ்ப்ரிங்கு எறங்கி இந்தக் காச அமுக்குது. மொதல்ல துணி நடுவுல இருந்துச்சி, ஒண்ணும் ஆவல. ஆசிட்டு துணிய துன்னுடுச்சி. அப்புறம் பேட்டரி பவரு காசு வழியா ஸ்ப்ரிங்குக்குப் பாயுது. எரியாம இன்னா பண்ணும்? பேட்டரில வர்ற வாயு பத்திக்கினு இருந்தா, கோவர்த்தனா, அந்த மனுஷன் முன்னால ஒக்காந்த நெலையிலயே போயிருப்பாரு. நீயும்தான்.”

அதற்கு மேல் வேலை சுருக்கமாக முடிந்தது. சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றி ஈயக் குமிழ்களைத் தேய்த்துக் கழுவினார் அசரியா. சூடேறிக் கெட்ட ஸ்ப்ரிங்கை வெட்டி எறிந்துவிட்டு வேறொன்று போட்டார். மாம்பலகை அறுத்துப் பெட்டிக்கு மூடி செய்து, அதன்மேல் லாரி டியூப் ரப்பரை ஆணியடித்துப் பரப்பினார். மறுபடியும் சிமெண்ட் மூட்டையை ஏற்றித் தண்டவாளத்தில் நான்கு தடவை குலுக்கினார்கள். ஹாரன் அலறிற்று. வாசனை வரவில்லை என்று அசரியா சொன்னார்.

“வண்டி செரியாச்சி. நீ செரியாவல. மொதலாளிகிட்ட நீயே சொல்லிடு” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கோவர்த்தனன் வீட்டுக்கு வந்தான். அம்சவேணி கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். கூடவே வேர்க்கடலைச் சட்டினி. அவன் கையைத் திறந்து நீட்டினான்.

துடுப்பு அவள் கையிலிருந்து நழுவிக் களிப் பானைக்குள்ளேயே விழுந்தது.

“எங்க இருந்துச்சி தெரியுமா?” என்றான்.

“சீட்டுக்கு அடில. நான்தான் வெச்சேன். ஏன் மாமா கருகிப்போயி கீது?”

“வண்டில எரியிற வாசனன்னு ஆபீசர் கத்திக்கினு இருந்தாரே, இதான் எரிஞ்சிது. பேட்டரி மேல வெச்சிருக்கற. இன்னும் கொஞ்ச நாளு போயிருந்தா வண்டியோட எரிஞ்சிருப்பேன்.”

அம்சவேணி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “அடி பாவி, நானா? நானா எரிக்கப் பாத்தேன்? அப்ப ஒரு வெள்ளிக்கெழம வண்டி கழுவி மஞ்ச குங்குமம் வெக்கறப்போ பாத்தேன், சீட்டுக்கு அடில பெட்டி மாதிரி இருந்துச்சி. கறுப்பா இருட்டா இருந்துச்சி. பத்தரமா இருக்கும்னு வெச்சேன். அது இன்னா எழவுன்னு எனக்கு இன்னா தெரியும் மாமா!”

“ஊட்டுல சாமிகிட்ட வெக்க வேண்டியத ஏன்டி வண்டில வெச்ச?”

“ஊட்டுல வெச்சா நீ பாத்துடுவ. ரெண்டு வருசம் அரிசிப் பானைல வெச்சிருந்தேன். போன பொரட்டாசில நீ அரிசி எடுக்கறேன்னு கைய உட்ட. அப்பதான் எடுத்து வண்டில வெச்சேன். வண்டிதான் திருப்பதிக்குப் போவுதே, பெருமாளு காலடி வரைக்கும் அதுவும் போயிட்டு வரட்டும்னு.”

“நான் பாத்தா இன்னா? எதுக்கு நேந்த?”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“எதுக்குடி நேந்த?”

“ஒன் மூக்குக்கு” என்றாள் அம்சவேணி.

கோவர்த்தனன் அப்படியே நின்றான்.

“ஒனக்கு… ஒனக்கு எப்போ தெரியும்?”

“மொதல்லருந்தே தெரியும். ஜுரம் உட்டதும் மஞ்சக் கொம்ப சுட்டு மூக்குல காட்டனேன், ஞாபகம் கீதா? அது நடுவுல அவிஞ்சி போச்சி. பொகையே இல்ல. வெறுங்கொம்பத்தான் காட்டிக்கினு இருந்தேன். நீ கண்ண மூடிக்கினு, ‘ஆங், நல்லா ஏறுதுடி, காரமா ஏறுது’ன்ன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. சரி, நீயா சொல்லுவன்னு பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். நீ கொழம்பு வாசன தூக்குதுன்னு ஆரம்பிச்சிட்ட. வெறுங்கீரய வெச்சிட்டு கருவாட்டுக் கொழம்புன்னு சொன்னாகூட நீ, ‘தெருவரைக்கும் வாசன’ன்னுவ.”

“அப்பல்லாம் சிரிச்சியே?”

“அழுதா நீ ஏன்னு கேப்பியே.”

மூன்று வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்புக்கு முன்னால், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே விஷயத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கோவர்த்தனன், தனக்கு அவள் மேல் கோபம் வரும் என்று வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். வரவில்லை. பயம்தான் வந்தது. தன்னை இவ்வளவு தெரிந்த ஒருத்தி பக்கத்திலேயே இருந்திருக்கிறாளே என்ற பயம். சுவரோரம் உட்கார்ந்துகொண்டான்.

அம்சவேணி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து கருகின துணியைப் பிரித்து, இரண்டு காசையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வெள்ளைத் துணி கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்தாள். காசை வைத்து முடிந்தாள்.

“இன்னும் எதுக்குடி? மூக்கு வரலியே.”

“வரலன்னாதான் முடிஞ்சி வெக்கணும். வந்தா மல மேல போயி உண்டியல்ல போடணும்.”

“இப்ப எங்க வெக்கப் போற?”

அவள் எழுந்து போய், விளக்கு மாடத்தில், வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஈர முடிப்பை வைத்தாள்.

“இங்கதான். இனிமே யாருக்கு ஒளிக்கணும்?” என்றாள். பானையில் விழுந்த துடுப்பைத் தேடி எடுத்துக் களியைக் கிளறப் போனாள். அடி பிடித்திருந்தது. “தீஞ்சிப்போச்சி மாமா” என்றாள். “சரி, போடு” என்றான் அவன். இரண்டு பேரும் தீய்ந்த களியைத்தான் தின்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆதிநாராயணன் வந்தார். சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பலகையையும் ரப்பரையும் தட்டிப் பார்த்தார். காசு ஒன்று விழுந்து கிடந்தது என்று மட்டும் கோவர்த்தனன் சொன்னான். ஏறி உட்கார்ந்தார். வண்டி முனகிக்கொண்டு கிளம்பிற்று. நான்கு மைல் தூரம் அவர் மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டார். ஐந்தாவது மைலில் கதவுப் பிடியை விட்டார்.

“போச்சுய்யா. பாக போயிந்தி” என்று தெலுங்கிலும் ஒரு தரம் சொன்னார்.

கோவர்த்தனனுக்கு உயிர் வந்தது. சாவி இனி அவனுடையதுதான். ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. தை மாசப் பூ, இலை தெரியாமல் பூத்திருந்தது. ஆபீசர் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார்.

“அடடா! மாம்பூ! இன்னா வாசன பாத்தியா?”

‘ஆமா சார்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்று வருஷமாக வந்து வந்து பழகின பாதை. வந்ததை விழுங்கினான்.

“தெரியல சார்.”

“ஏன், சளியா?”

“இல்ல சார். எனக்கு வாசனையே தெரியாது சார். மூணு வருசமா.”

ஆதிநாராயணன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பினார். வாய் திறந்தபடி இருந்தது. “அப்ப அன்னிக்கி, எல்லாம் கலந்து வருதுன்னியே?”

“பொய் சார்.”

அந்தப் பெரிய உடம்பு கதவோரம் ஒட்டிக்கொண்டது. கை மறுபடியும் பிடியைத் தேடிப் பிடித்தது. இந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தா இத்தனை நாள் போய் வந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு மைலுக்குக் கோவர்த்தனன் ரோட்டை மட்டும் பார்த்தான்.

“வேதாச்சலத்துக்குத் தெரியுமா?”

“சாயங்காலம் சாவி குடுக்கறப்போ சொல்லப் போறேன் சார்.”

“சாவிய வாங்கிக்குவாரு.”

“வாங்கிக்கட்டும் சார்.”

ஆபீசர் ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்லு. சொல்றப்போ நானும் வரேன். கல்லு பாக்கற வேல முடியற வரைக்கும் நீதான் ஓட்டணும்னு சொல்றேன். வாசன வந்தா நான் சொல்றேன்யா, எனக்குத்தான் மூக்கு கீதே. அதுக்கு மேல அவுரு இஷ்டம்.”

கோவர்த்தனன் தலையை ஆட்டினான். தூரத்தில் கரும்புக் கொல்லைக்கு நடுவே கொட்டகையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. ஆபீசர் மூக்கை இழுத்தார்.

“வெல்லம் காச்சறாங்க. பாகு எறக்கற பதம்.”

“அப்படியா சார்?” என்று கேட்டான் கோவர்த்தனன்.